கேலரிக் கசிவின் வாய் எங்கே? குந்தா மலை அணை ஒன்றின் நீரடி ஆய்வு

அணையின் உள்ளே ஆய்வுக்காக விட்ட சுரங்கப்பாதைதான் கேலரி. கசிந்த நீர் சேர்ந்து ஓடும் அதன் வடிகாலின் கடைசியில், ஓட்டத்தை அளக்க 90 பாகை வி-நாட்ச் (V வடிவ வெட்டு கொண்ட தகடு) ஒன்று இருக்கிறது. நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கும் நாட்களில் அதன்மேல் வழியும் நீரின் உயரம் பல ஆண்டுகளாக 5.5 செ.மீ. அளவிலேயே இருந்துவந்தது. கடந்த பருவமழைக்குப் பின் நீர் அதே மட்டத்துக்கு ஏறியபோது அது 7 செ.மீ. ஆனது. ஒன்றரை செ.மீ. தானே என்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால் வி-நாட்சில் ஓட்டம் உயரத்தின் 2.5 அடுக்காகக் கூடும். மீட்டரில் எடுத்த உயரத்தை 2.5 அடுக்குக்கு ஏற்றி 1.38 ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 5.5 செ.மீ.க்கு நிமிடத்துக்கு 59 லிட்டர், 7 செ.மீ.க்கு 107 லிட்டர். கசிவு ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. நீரடி ரோபோவை இறக்கியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அணை மேல் நீலகிரியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள கருங்கல் கட்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் எழுந்த காலத்திலும் அதற்கு முன்பும் இந்த மலையில் இப்படிப்பட்ட அணைகள் பல கட்டப்பட்டன. இவற்றுக்கு ஒரு பொதுவான பகை உண்டு: மலைநீர். சார்னோகைட் பாறையின் மேலும் சோலைக்காட்டு மண்ணிலும் ஓடிவரும் நீரில் தாது உப்பு மிகக் குறைவு. அப்படிப்பட்ட மென்னீர் கற்களுக்கு இடையிலுள்ள சாந்திலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கேலரிச் சுவரில் வழிந்து உறைந்திருக்கும் வெள்ளைப் படிவு, நீர்ப்பக்க முகத்திலிருந்து கரைந்து வந்த சாந்தேதான். எனவே கேலரியில் கசிவைக் கண்டால், வெளியே எந்தச் சந்தில் சாந்து போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

முக்குளிப்பவரை இறக்கலாமே என்ற யோசனை முதலில் வரும். இந்த உயரத்தில் அது எளிதல்ல. இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 775 மில்லிபார், கடலோரத்தில் 1,013. முக்குளிப்பு அட்டவணைகள் கடல் மட்டத்துக்காக எழுதப்பட்டவை. 26 மீட்டர் ஆழத்தில் இங்கே வேலை செய்பவருக்கு, கடலில் 34 மீட்டருக்கு உரிய அட்டவணையைப் பார்த்துத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அடியில் இருக்கும் நேரம் சுருங்கும், மேலேறும் நேரம் நீளும். மதகருகே ஆபத்து இன்னும் பெரிது. 20 மீட்டர் நீருக்கடியில் ஷட்டர் சரியாக மூடாமல் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளி இருந்தால், அதை அடைக்கும் உடலின் மேல் ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். எத்தனை பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் மனிதரை அங்கிருந்து பத்திரமாக மீட்க முடியாது. இயந்திரம் போனால் போகட்டும் என்று சொல்லலாம், அதற்காகவே அது.

பயன்பட்டது புளூஆர்ஓவி 2 வகையைச் சேர்ந்த, எட்டு த்ரஸ்டர் (நீரைத் தள்ளும் சுழலி) கொண்ட சிறிய ஆர்ஓவி, அதாவது கேபிள் வழியே மேலிருந்து ஓட்டும் நீரடி ரோபோ. ஒருவர் தூக்கக்கூடிய எடை, 100 மீட்டர் ஆழத் தகுதி, 150 மீட்டர் மிதவைக் கேபிள், 14.8 வோல்ட் 18 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி நான்கு. முன்பக்கக் கேமராவோடு, சுழன்று ஒலியால் படமெடுக்கும் சிறு சோனார் ஒன்றும், 10 செ.மீ. இடைவெளியில் இணையாகப் பாயும் இரண்டு சிவப்பு லேசர்களும் பொருத்தப்பட்டன. சுவரில் விழும் இரு புள்ளிகள்தான் அளவுகோல். சிவப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சோலையிலிருந்தும் புல்வெளிச் சதுப்பிலிருந்தும் வரும் நீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும். தெளிந்த கடலில் நன்றாக வேலை செய்யும் பச்சை லேசர் இங்கே சீக்கிரம் மங்கும்.

கடலுக்கென்று அமைத்த கருவியை மலை நீர்த்தேக்கத்தில் அப்படியே இறக்கினால் நான்கு இடங்களில் தவறும். முதலாவது மிதப்பு. கருவி விலக்கும் நீர் 11 லிட்டர் என்றால், கடல்நீருக்கும் நன்னீருக்கும் இடையே ஏறக்குறைய 275 கிராம் தூக்குவிசை வித்தியாசம் வரும். அவ்வளவு எடைக்கட்டியைக் கழற்ற வேண்டும். இரண்டாவது ஆழமானி. அது அளப்பது மொத்த அழுத்தம். கடல் மட்டக் காற்றழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால் இங்கே எல்லா ஆழமும் 2.4 மீட்டர் குறைத்துக் காட்டும். கருவி நீர்ப்பரப்பில் மிதக்கும்போதே பூஜ்யம் வைத்து, ஒரு மீட்டர் கயிற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கீழே அனுப்ப வேண்டும். மூன்றாவது நீரின் அடர்த்தி. கடல்நீர் அமைப்பிலேயே விட்டால் 26 மீட்டரில் 60 செ.மீ. பிழை. நான்காவது ஒலியின் வேகம். சோனார் நொடிக்கு 1,500 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். 15 டிகிரி நன்னீரில் அது 1,466 மீட்டர்தான். 10 மீட்டர் தொலைவில் 20 செ.மீ.க்கு மேல் கூட்டிக் காட்டும். ஒவ்வொன்றும் சிறு பிழைதான். ஆனால் எல்லாம் சேர்ந்தால், அடுத்த ஆண்டு அதே கல்லைத் தேடிப் போகிறவர் வேறு வரிசையில் நிற்பார்.

இடத்தைக் குறிக்கும் வேலைக்கு ஒதுக்கிய நேரம், படமெடுக்கும் வேலைக்கு ஒதுக்கியதைவிடக் குறைவில்லை. நீருக்குள் ஜிபிஎஸ் எட்டாது. ஒலிவழி இடமறியும் கருவிகள் உண்டு. ஆனால் கல்முகத்துக்கு மிக அருகில் எதிரொலி பட்டுப்பட்டு அவை தடுமாறும். இங்கே கைகொடுத்தது கொத்தனாரின் தூக்குக்குண்டு முறை. கைப்பிடிச் சுவரில் இடது கரையிலிருந்து 5 மீட்டருக்கு ஒரு செயினேஜ் எண் (கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்பது) பெயிண்டால் எழுதப்பட்டது. ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 4 கிலோ இரும்புக் குண்டு கட்டிய வெள்ளைக் கயிறு கீழே விடப்பட்டது. கயிற்றில் மீட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் எண். கேமராவில் விரிசலும் அட்டையும் ஒரே சட்டத்துக்குள் விழுந்தால் அந்தப் படத்துக்கு முகவரி கிடைத்துவிடும். கயிறு நைலானாக இருக்கக்கூடாது; நனைந்தால் நீளும். முகம் சரிவாக இருக்கும் அணைகளில் குண்டு கல்லில் உரசியபடி இறங்கும். அங்கே கயிற்று நீளத்தைச் சரிவுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

இன்னொன்று, ஆழத்தை நீர்ப்பரப்பிலிருந்து எழுதிவைத்தால் பயனில்லை. மின் உற்பத்திக்கான தேக்கத்தில் நீர்மட்டம் நாளுக்கு நாள் மாறும். காலையிலும் மாலையிலும் அளவுக்கோலைப் படித்து, எல்லா ஆழத்தையும் அணையின் நிலையான மட்டமாக மாற்றியே குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்.

ஆய்வுக்கு ஜனவரி தேர்ந்தெடுக்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழையில் இந்த மலை வாங்கும் மழை சாதாரணமல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. கேரட், உருளைக்கிழங்கு விளையும் சரிவுகளிலிருந்து வரும் வண்டல் படிய மாதங்கள் ஆகும். மார்ச், ஏப்ரல் வரை காத்தால் நீர் இன்னும் தெளியும். ஆனால் மட்டம் இறங்கிக் கசிவும் குறைந்துவிடும். கசியும்போதுதான் கசிவைத் தேட முடியும். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கேட்கிறது; பின்பருவ ஆய்வோடு இதைச் சேர்த்துக்கொண்டது வசதியாயிற்று.

ஜனவரியின் விலை உறைபனி. விடியலில் புல் வெள்ளையாகக் கிடக்கும் இடத்தில் இரவெல்லாம் வண்டியில் கிடந்த பேட்டரி முழுச் சக்தி தராது. அறைக்குள், கம்பளியில் சுற்றி வைக்க வேண்டும். மூடுபனிக்குள் கேமரா உறையைத் திறந்து மூடினால் ஈரக்காற்று உள்ளே சிக்கும். குளிர்ந்த நீரில் இறங்கிய பத்து நிமிடத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். முதல் நாள் முதல் இறக்கம் இப்படித்தான் வீணானது. மறுமுறை உலர்ந்த அறையில் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து மூடிய பிறகு சிக்கல் வரவில்லை.

ஒவ்வொரு முறை உறையை மூடும்போதும் வெற்றிடச் சோதனை கட்டாயம். கைப்பம்பால் 10 அங்குலப் பாதரச அளவு காற்றை இழுத்து, 15 நிமிடம் விட வேண்டும். முள் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் நீரில் இறக்கக்கூடாது. பெரும்பாலும் ஓ-ரிங்கில் (மூடியை அடைக்கும் ரப்பர் வளையம்) ஒட்டிய ஒரு தலைமுடியோ மணலோதான் காரணமாக இருக்கும். துடைத்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். கிரீஸை அப்பினால் அதுவே மணலைப் பிடித்துவைக்கும்.

இறங்குமுன் செய்யும் வேலைகளில் விட்டுக்கொடுக்கவே கூடாதது ஷட்டர் பூட்டு. மின்கம்பி வேலைக்கு எல்.சி. (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்குவது போலவே இதற்கும் எழுத்தில் அனுமதி வாங்கப்பட்டது. மதகு ஷட்டர்களின் மோட்டார் மின்இணைப்பு துண்டிக்கப்பட்டுப் பூட்டுப் போடப்பட்டது. சாவி ஆய்வுக் குழுவின் பொறுப்பாளரிடம். மின்நிலையம் காலை, மாலை உச்ச நேரத்துக்கு ஓடும் நிலையம் என்பதால் கிடைத்த நேரம் காலை 10 முதல் மாலை 4 வரை. ஆர்ஓவியின் தள்ளுவிசை 10 கிலோவுக்கும் குறைவு. நீரெடுக்கும் வாயில் ஓட்டம் தொடங்கிவிட்டால் அது எதிர்த்து நீந்தி வெளியே வராது.

அணையின் நீரில் மூழ்கிய முகம் சுமார் 2,000 சதுர மீட்டர். நீர்மட்டத்தில் 120 மீட்டர் நீளம், நடுவில் 26 மீட்டர் ஆழம். அன்றைய தெளிவில் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எனவே சுவரிலிருந்து ஒரு மீட்டரில் நின்று, நம்பக்கூடிய 1.2 மீட்டர் அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கம் மேற்படிய 0.8 மீட்டருக்கு ஒரு வரிசையாக மேலும் கீழும் ஓட்டுவது என்று முடிவானது. மொத்த ஓட்டம் 2,500 மீட்டர். நொடிக்கு 15 செ.மீ. வேகத்தில் நிற்காமல் போனால் நாலரை மணி நேரம். நின்று பார்ப்பதையும், கேபிளைச் சரிசெய்வதையும், பேட்டரி மாற்றுவதையும் சேர்த்தால் இரு மடங்கு. ஆக இரண்டு நாள். சாயச் சோதனைக்கு மூன்றாம் நாள்.

விளக்கை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு மோசமாகப் படம் வரும். மிதக்கும் துகள்களில் ஒளி பட்டுத் திரும்பி, பனிமூட்டத்தில் வண்டியின் ஹெட்லைட்டைப் போட்டது போல ஆகும். விளக்குகளைக் கேமராவிலிருந்து தள்ளி இரு பக்கமும் நீட்டி, வெளிநோக்கிச் சாய்த்து, பாதி ஒளியில் வைத்தபோதுதான் கல்வரிசை தெளிவாகத் தெரிந்தது.

கேபிள் பிடிப்பவரின் கை, கருவியை ஓட்டும் பைலட்டின் கை அளவுக்கே முக்கியம். "விடுங்கண்ணே", "இழுங்க", "அப்படியே நிறுத்துங்க" என்ற மூன்று சொற்களுக்கு மேல் அங்கே பேச்சு வேண்டாம். அணை உச்சியிலிருந்து நேராகக் கேபிளை விட்டால் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் உரசித் தோல் உரியும்; நெடுக்காகப் பிளந்த பிவிசி குழாய் ஒன்றை விளிம்பில் கவிழ்த்தால் போதும். தளர்வாக விட்ட கேபிள் கீழே வளையமாகி, நீரெடுக்கும் வாயில் குப்பையைத் தடுக்கும் ட்ராஷ் ராக்கின் கம்பியில் மாட்டும். இரண்டாம் நாள் அப்படி மாட்டியது. இழுக்காமல், வந்த வழியைக் கேமராவில் பார்த்தபடியே பின்னோக்கி ஓட்டி விடுவிக்க நாற்பது நிமிடம் பிடித்தது. அதே ராக்கின் இரும்பு அருகே திசைகாட்டியும் குழம்பும். அங்கே தானியங்கித் திசைப்பிடிப்பை நிறுத்திவிட்டுக் கையால் ஓட்டுவதே சரி.

ராக்கில் கண்டது இது: அடிப்பாகத்தின் மூன்றில் ஒரு பங்கு அடைந்திருந்தது. சீகை மரக் கிளைகள், கற்பூர மரப்பட்டைகள், அவற்றின் மேல் பாய் போலப் படிந்த இலை. இரண்டு கம்பிகள் உட்புறமாக வளைந்திருந்தன. அடிமதகின் வாசற்படி தெரியவே இல்லை; சோனார் அதன் மேல் 1.8 மீட்டர் வண்டலைக் காட்டியது. இப்படிப்பட்ட தரைக்கு அருகே போகும்போது கருவி துளி மிதப்போடு இருக்க வேண்டும். அப்போது அதைக் கீழே அழுத்திவைக்க த்ரஸ்டர் நீரை மேல்நோக்கித் தள்ளும், வண்டல் கலையாது. கருவி கனமாக இருந்தால் நீரைக் கீழே தள்ளும். ஒரே நொடியில் எல்லாம் மறைந்துவிடும்.

முகத்தில் முதல் பார்வைக்கு விரிசல் போலத் தெரிந்தவை 17. இதில்தான் அனுபவமில்லாத அறிக்கைகள் கவிழ்கின்றன. கருங்கோடுகள் எல்லாம் விரிசல் அல்ல. பாசி வழிந்த தாரை, கட்டிய நாளில் ஒரு வரிசையை நிறுத்தி மறுநாள் தொடங்கிய வேலைக்கோடு, பிதுங்கிய கல்லின் நிழல் எல்லாமே கேமராவில் ஒன்றுபோல இருக்கும். ஒரு பக்க விளக்கை அணைத்து மறுபக்க விளக்கில் மட்டும் பார்த்தால் நிழல் இடம் மாறும், விரிசல் மாறாது. கருவியில் கட்டிய தூரிகையால் தேய்த்தால் பாசி போய்விடும். இப்படி 17இல் 11 கழிந்தன. மீதி ஆறில் நீர் உள்ளே போகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி; ஆழமான சந்தாக இருந்தாலும் உள்ளே அடைபட்டிருக்கலாம்.

சாயத்துக்கு முன் கம்பளி நூல். ஒரு குச்சியின் நுனியில் 5 செ.மீ. மெல்லிய நூலைக் கட்டி, கருவியின் முன் நீட்டிச் சந்தின் அருகே கொண்டுபோனால், உறிஞ்சும் இடத்தில் நூல் உள்ளே நோக்கி நிற்கும். மலிவான, நம்பகமான முறை. ஆனால் த்ரஸ்டர் ஓடும்போது நூல் பொய் சொல்லும். எனவே கருவியின் முகப்பில் ரப்பர் நுனி வைத்த இரு தண்டுகளைச் சுவரில் ஊன்றி, த்ரஸ்டரை மிகக் குறைத்து, நீர் அடங்க இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

பிறகு ஃப்ளோரசீன் என்ற, புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும் சாயம். லிட்டருக்கு ஒரு கிராம் கரைசல், 60 மில்லி ஊசிக்குழாய், 3 மி.மீ. குழல். கீழேயுள்ள குடிநீர்த் திட்டப் பொறுப்பாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, அளவைக் காட்டி, ஒப்புதல் வாங்கிய பிறகே சாயம் விடப்பட்டது. கேலரிக்குள் ஒருவர் புற ஊதா டார்ச்சோடு வடிதுளைகளைப் பார்த்து நின்றார். கல்லுக்குள் வாக்கி-டாக்கி எடுக்காது. அதனால் எல்லாருடைய கடிகாரமும் காலையிலேயே ஒன்றாக வைக்கப்பட்டு, ஒவ்வொரு சாய வெளியீடும் நேரத்தோடு குறிக்கப்பட்டது. ஓர் இடத்தில் விட்டபின் அடுத்த இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் இடைவெளி. அவசரப்பட்டால் எந்தச் சாயம் எங்கே வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும். அதனால் நூல் நன்றாக உள்ளிழுத்த மூன்று இடங்களுக்கு மட்டுமே சாயம் விடப்பட்டது.

விடை செயினேஜ் 61இல் கிடைத்தது. அன்றைய நீர்மட்டத்துக்குக் கீழே 14 முதல் 17 மீட்டர் வரை, மூன்று மீட்டர் நீளத்துக்குச் சந்துப்பூச்சு முழுதும் போயிருந்தது; லேசர் அளவில் சந்தின் அகலம் 2 முதல் 3 செ.மீ., கம்பியைச் செருகியதில் ஆழம் 8 செ.மீ.க்கு மேல். சாயம் புகையை இழுப்பது போல உள்ளே போனது. 25 நிமிடத்தில் கேலரியில் பச்சை தெரிந்தது. ஆனால் 61இல் அல்ல, செயினேஜ் 70இல் உள்ள வடிதுளையில். கேலரியில் மிக அதிகமாகச் சொட்டிய இடமும் அதுதான். ரோபோ இல்லாமல் கேலரியை மட்டும் நம்பி 70க்கு நேர் எதிரே கிரவுட் போட்டிருந்தால் (சிமெண்ட் கரைசலை உள்ளே செலுத்தியிருந்தால்), சிமெண்ட் கரைந்ததுதான் மிச்சமாகியிருக்கும். கல்கட்டுக்குள் நீர் நேராக நடப்பதில்லை. சாந்து இளகிய வரிசையைத் தேடி வளைந்து போகும். மற்ற இரண்டு வாய்கள் சிறியவை: செயினேஜ் 80இல் உள்ள விரிவு இணைப்பில், 22 மீட்டருக்கும் 23 மீட்டருக்கும் இடையில்.

கருவியை அடுத்த நீர்த்தேக்கத்துக்கு எடுத்துப்போகும் முன் சேறும் செடித்துண்டும் போகக் கழுவி முழுதாகக் காயவைக்க வேண்டும். டிரவுட் மீன் வளரும் மலை இது; ஓர் ஏரியின் களையையோ நோயையோ இன்னோர் ஏரிக்குச் சுமந்து போகும் உரிமை யாருக்கும் இல்லை.

மே மாதத்தில் மட்டம் 18 மீட்டர் இறங்கியபோது செயினேஜ் 61இன் சந்து வெயிலில் தெரிந்தது. கைப்பிடிச் சுவரின் எண்ணிலிருந்து நாடாவை இறக்கியவுடன் இடம் கிடைத்தது, தேட வேண்டியிருக்கவில்லை. இளகிய சாந்து, கெட்டியான பகுதி வரும் வரை கொத்தி எடுக்கப்பட்டு, உயரழுத்த நீரால் கழுவி, சுருங்காச் சிமெண்ட் சாந்து இரண்டு அடுக்காகத் திணிக்கப்பட்டு, பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு வைக்கப்பட்டது. ட்ராஷ் ராக்கின் குப்பையும் அப்போதே அகற்றப்பட்டது.

அடுத்த பருவத்தில் தேக்கம் அதே மட்டத்துக்கு நிரம்பி, மழை நின்று ஐந்து நாள் கழித்து வி-நாட்ச் படிக்கப்பட்டது. மழை நாளில் படித்தால் கரையோர மலையின் நீரும் கேலரி வடிகாலில் கலந்து கணக்கைக் கெடுக்கும். உயரம் 5.8 செ.மீ., நிமிடத்துக்கு 67 லிட்டர். பழைய அளவைவிட இன்னும் 8 லிட்டர் கூடுதல். செயினேஜ் 80இன் இரு வாய்களும் கோடையிலும் நீருக்கடியிலேயே இருந்தன. அங்கே நீருக்குள் இறுகும் எப்பாக்ஸியை வைத்து அடைக்கும் வேலை எஞ்சியிருக்கிறது. அதற்கு முன் வரும் ஜனவரியில் அதே கயிறு, அதே அட்டை எண், அதே ஒரு மீட்டர் தொலைவில் மறுபடி படமெடுக்க வேண்டும்.